மூட்டைப்பூச்சி: மறைக்காமல் ஒழிப்பது

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவருக்குக் குளிரைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருப்பார்கள். ஜாக்கெட் எங்கே மலிவு, எந்த பஸ் எந்தச் சந்திக்குப் போகும், நல்ல மீன் எந்தக் கடையில் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே காதுக்கு வந்துவிடும். மூட்டைப்பூச்சியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தன் வீட்டில் மாதக்கணக்கில் மூட்டையோடு போராடியவர்கூட, தம்பி கட்டில் வாங்கக் கிளம்பும்போது "பழைய மெத்தை மட்டும் வாங்காதே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

இந்த அத்தியாயத்தில் சூடும் மருந்தும் சட்டமும் வரும். அவற்றுக்கு முன்னால் ஒரு விஷயம். இந்த நகரத்தில் மூட்டை பரவ மிகப் பெரிய உதவி செய்வது நம்முடைய வெட்கம்தான். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல், கடையில் ஒரு டின் ஸ்ப்ரே வாங்கி இரவோடு இரவாக அடிக்கிறோம். பூச்சி சுவர்களுக்குள் ஒதுங்கி, பக்கத்து வீட்டுக்குப் போய், ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. மறைத்து வைத்து ஒழித்த வீடு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

அழுக்கான வீட்டில்தான் மூட்டை வரும் என்பது தவறான எண்ணம். மூட்டைக்குத் தேவை இரத்தமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும். நாள்தோறும் கூட்டிக் கழுவும் வீட்டிலும் இரண்டும் உண்டு. செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டீபன் ஹ்வாங்கும் அவருடைய குழுவினரும் ரொறன்ரோ நிலவரத்தை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2003 ஆம் ஆண்டில் இந்த நகரத்தின் பூச்சி ஒழிப்பாளர்கள் 847 இடங்களில் மூட்டைக்கு மருந்தடித்திருந்தார்கள். அவற்றில் 70 சதவீதம் தனி வீடுகள், 18 சதவீதம் அடுக்குமாடி வீடுகள். வீடற்றோர் காப்பகங்கள் வெறும் 8 சதவீதம். ஏழைகளின் கட்டடத்தில்தான் மூட்டை இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

வெப்ப நாட்டுப் பூச்சி குளிர் நாட்டில் எப்படி வாழும் என்றும் கேட்பார்கள். ஊரில் நாம் பார்த்த மூட்டை பெரும்பாலும் வேறொரு இனம். இங்கே இருப்பது சைமெக்ஸ் லெக்டுலாரியஸ், மித வெப்ப நாடுகளுக்கே உரியது. வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் 21 பாகையை ஹீட்டர் காத்துக்கொண்டிருக்கிறது. மூட்டைக்கு அது போதும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி பரவலாக வந்தபோது வட அமெரிக்க வீடுகளில் மூட்டை ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனால் 1947 இலேயே ஹவாயின் பேர்ள் துறைமுகக் குடியிருப்புகளில் டி.டி.டிக்குச் சாகாத மூட்டையைக் கண்டார்கள். 1990களின் கடைசியில் அது பெருநகரங்களுக்குத் திரும்பிவிட்டது. ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறை 2008 இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. 2010 செப்டம்பரில் சட்டமன்ற உறுப்பினர் மைக் கோல் ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கும் குயீன்ஸ் பார்க்கில் மூட்டைப்பூச்சி மாநாடு ஒன்றையே கூட்டினார். அடுத்த ஜனவரியில் ஒன்ராறியோ அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஓர்க்கின் என்ற பூச்சி ஒழிப்பு நிறுவனம் தான் செய்த சிகிச்சைகளை வைத்து ஆண்டுதோறும் வெளியிடும் கனேடிய நகரப் பட்டியலில் ரொறன்ரோ பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. சட்டமன்றத்தில் மாநாடு கூட்டிப் பேசிய ஒன்றை நாம் அடுத்த வீட்டு அன்ரியிடம் சொல்ல வெட்கப்படுகிறோம்.

மூட்டைதானா என்று முதலில் பாருங்கள்

கடித்த தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. கணவனுக்குக் கடிக்கவில்லை என்பதால் மனைவியின் அரிப்பைச் சாப்பாட்டு ஒவ்வாமை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. நுளம்புக் கடி, சொறி, ஒவ்வாமை எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எனவே தோலை விட்டுவிட்டுக் கட்டிலைப் பாருங்கள்.

வளர்ந்த மூட்டை 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல், செம்பழுப்பு நிறம். இரத்தம் குடித்தபின் உப்பி நீளும். குஞ்சு மிகச் சிறியது, நிறம் வெளிறியது. முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளை, இடுக்கில் ஒட்டியிருக்கும். பூச்சியைவிட எளிதாகக் கண்ணில் படுவது அதன் கழிவு: பேனா முனையால் குத்தியதுபோன்ற கறுப்புப் புள்ளிகள், மெத்தையின் தையல் ஓரத்தில் கூட்டமாக. ஈரத் துணியால் துடைத்தால் அந்தப் புள்ளி பழுப்பாகக் கரையும். உரித்துப் போட்ட தோல்களும் கிடக்கும், ஏனென்றால் குஞ்சு ஐந்து முறை தோலுரித்த பிறகுதான் முழுப் பூச்சியாகும். ஒவ்வொரு முறைக்கும் அதற்கு ஒரு வயிறு இரத்தம் வேண்டும்.

ஒரு டார்ச்சும் பழைய வங்கி அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தையின் தையல் ஓரத்தை அட்டையால் விலக்கிச் சுற்றிவர முழுவதும் பாருங்கள். அடுத்து மெத்தைக்குக் கீழே இருக்கும் பெட்டி. அதன் நான்கு மூலைகளிலும் உள்ள பிளாஸ்டிக் காப்புகளுக்குள்ளும் அடிப்பக்கத் துணிக்குள்ளும்தான் கூட்டம் இருக்கும். பிறகு கட்டிலின் ஆணித் துளைகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சோபாவின் மடிப்புகள், சுவரோரப் பலகை, திரைச்சீலையின் மேல் மடிப்பு. நம் வீடுகளுக்கென்று வேறு சில இடங்களும் உண்டு. கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கும் ஊருக்குப் போகிற பெட்டி, அதே அறையில் மாட்டிய சாமிப் படங்களின் பின்புறம், சுருட்டி நிறுத்திய பாய், மிருதங்க உறை. ஆனால் பெரும்பாலான பூச்சிகள் தூங்குபவருக்கு ஓரிரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆகவே தேடுதலைக் கட்டிலிலிருந்து தொடங்கி வெளியே போங்கள்.

பூச்சி கிடைத்தால் நசுக்காதீர்கள். ஒட்டும் டேப்பில் ஒட்டி, சிறிய பையில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். கரப்பான் குஞ்சையும் கம்பள வண்டின் புழுவையும் மூட்டை என்று நினைப்பவர்கள் நிறைய. கையில் பூச்சி இருந்தால் அந்த வாதமே எழாது. படமும் எடுங்கள். பின்னால் சட்டப் பகுதியில் அது உதவும்.

ஒரு நிம்மதி: மூட்டை மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. அரிப்பு, தூக்கமின்மை, சொறிந்து சீழ் வைப்பது, மன உளைச்சல் ஆகியவைதான் அது தருவது. அவையும் சின்ன விஷயமல்ல. அரிப்புக்கு மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளரிடம் கேட்டால் போதும், புண் சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

செய்யவே கூடாதவை

இந்தப் பகுதியை, ஒழிக்கும் வழிகளுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு.  மூட்டைக்கு வைத்த மருந்தால் இந்த நாட்டில் உயிர் போயிருக்கிறது.

2015 பெப்ரவரியில் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரி நகரில், பாகிஸ்தானிலிருந்து கொண்டுவந்த பாஸ்பைடு மாத்திரைகளை ஒரு குடும்பம் மூட்டைக்காக வீட்டுக்குள் வைத்தது. காற்றின் ஈரம் பட்டதும் அந்த மாத்திரை பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். குழந்தைகள் நோயுற்றார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் இறந்தன. இதே சரக்கு தமிழ்நாட்டில் நெல் மூட்டைகளுக்கு வைக்கும் செல்பாஸ் மாத்திரை. தானியக் கிடங்குக்கு உரிய விஷத்தைப் படுக்கையறையில் வைக்க எந்த அளவும் பாதுகாப்பான அளவு அல்ல. ஊரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் "நல்ல மருந்து" என்று எது வந்தாலும், மாத்திரையோ தூளோ சோக்கட்டியோ எதுவானாலும், அன்போடு மறுத்துவிடுங்கள். கனடாவில் விற்க அனுமதி பெற்ற பூச்சிமருந்தின் லேபிளில் 'பெஸ்ட் கன்ட்ரோல் ப்ராடக்ட்ஸ் ஆக்ட்' என்ற சொற்களோடு ஒரு பதிவெண் இருக்கும். அது இல்லாத எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம். லேபிளில் மூட்டைப்பூச்சி என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துக்கு உரிய மருந்தை மெத்தையில் அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஊரில் கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசினோம் என்று அம்மாக்கள் சொல்வார்கள். அங்கே கட்டில் முற்றத்தில் கிடந்தது. இங்கே மூடிய அறை, ஹீட்டர், தீப்பிடிக்கும் பஞ்சு மெத்தை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 2017 இல் மூட்டைக்கு ஆல்கஹால் தெளித்தவர்களின் குடியிருப்புகள் எரிந்தன.

புகைக் குண்டு என்று கடைகளில் விற்கும் டப்பாக்களும் வீண். ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தின் சூசன் ஜோன்ஸ் 2012 இல் வெளியிட்ட சோதனையில் அவை இடுக்கில் ஒளிந்த மூட்டையைத் தொடவே இல்லை. மருந்து மேலே தங்கிவிடுகிறது, பூச்சி கீழே இருக்கிறது. கடை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு இன்றைய நகர மூட்டைகள் பழகிவிட்டன. பட்டும் படாமலும் அடித்தால் பூச்சி சாகாமல் சிதறும்.

மெத்தையை வெயிலில் போடுவதும் பனியில் போடுவதும் அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்து வெயிலில் பனையோலைப் பாயை உதறிப் போட்டால் பூச்சி போகும், பாய் மெல்லியது. ஒரு அடி தடித்த மெத்தையின் நடுவுக்கு ரொறன்ரோ வெயில் போய்ச் சேராது. குளிரும் அப்படித்தான். மூட்டை சாக –18 பாகையில் குறைந்தது நான்கு நாட்கள் விடாமல் இருக்க வேண்டும். பல்கனியில் அந்தக் குளிர் நான்கு நாட்கள் தொடர்ந்து நிற்பது இந்த நகரத்தில் அரிது.

இன்னொன்று, பலரும் செய்வது: கடி தாங்காமல் ஹோலில் போய்ப் படுப்பது. மூச்சின் கரியமில வாயுவும் உடல் சூடும்தான் மூட்டைக்கு வழிகாட்டி. நீங்கள் இடம் மாறினால் அதுவும் மாறும். ஓர் அறையில் இருந்த தொல்லை இரண்டு அறைக்கு வரும். கடினம்தான், ஆனாலும் பழைய கட்டிலிலேயே படுங்கள். அந்தக் கட்டிலை எப்படிப் பாதுகாப்பது என்று கீழே வருகிறது.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

வாடகை வீட்டில் இருப்பவர் மூட்டையைக் கண்ட அன்றே வீட்டுக்காரருக்கோ கட்டட அலுவலகத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லிஃப்டில் பார்த்த சுப்பரின்டென்டென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போதும். வீட்டு இலக்கம், கண்ட திகதி, எந்த அறை, எடுத்த படம், அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அனுப்பும்படி கோரிக்கை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, திகதி சரியாக இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு வீட்டை வாழத் தக்க நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரர்மீது வைக்கிறது. மூட்டைக்கும் அது பொருந்தும், ஒழிப்புச் செலவு வழக்கமாக அவருடையது. ரொறன்ரோவில் குறைந்தது மூன்று மாடியும் பத்து வீடும் உள்ள வாடகைக் கட்டடங்களுக்கு 2017 ஜூலையில் தொடங்கிய ரென்ட்சேஃப் திட்டமும் உண்டு. அதன்படி பூச்சி பற்றித் தகவல் வந்த 72 மணி நேரத்துக்குள் கட்டட உரிமையாளர் வந்து பார்க்க வேண்டும். பூச்சி இருக்கும் வீட்டைப் புதியவருக்கு வாடகைக்கு விடக்கூடாது. இவற்றைப் பின்பற்றாவிட்டால் நகரத்தின் 311 எண்ணை அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள்.

அதற்கும் மேலே போக வேண்டி வந்தால் வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் சபையில் டி6 என்ற விண்ணப்பம் இருக்கிறது. தீர்ப்பு வர நாளாகும், அவசரத்துக்கு உதவாது. ஆனால் வாடகைக் கழிவு கேட்க அதுதான் வழி. சால்கோ என்று அழைக்கப்படும் தெற்காசியச் சட்ட உதவி நிலையமும் உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையமும் குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக ஆலோசனை தருகின்றன. கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூட்டை வழக்கு வாடகைப் பாக்கி வழக்காக மாறி, வெளியேற்றக் கடிதம் உங்கள் பெயருக்கே வரும்.

ஸ்காபரோ பேஸ்மென்டுகளின் நிலை வேறு. பெரும்பாலானவை ரென்ட்சேஃப் திட்டத்துக்குள் வராது. ஆனால் நகரத்தின் சொத்துப் பராமரிப்பு விதிகள் தனி வீட்டுக்கும் உண்டு, 311 அங்கேயும் செல்லும். வீட்டு உரிமையாளரோடு அல்லது அவருடைய குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்பவருக்கு மட்டும் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் படிக்க வந்து ஒரு பேஸ்மென்டில் ஐந்தாறு பேராக இருக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமையாளர் மேல் மாடியில் இருக்கும் தமிழ் மாமாவாக இருந்தால், சட்டத்தைக் காட்டுவதைவிட "மாமா, இது மேலயும் ஏறி வந்துடும், இப்பவே ஆள் கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொல்வது வேலை செய்யும். அது பொய்யும் அல்ல.

அடுக்குமாடியில் பக்கத்து வீடுகளுக்குச் சொல்வது மருந்தடிப்பதைப் போலவே முக்கியம். மூட்டை குழாய்த் துளை வழியாகவும் மின்சாரப் பெட்டி வழியாகவும் சுவரைக் கடக்கும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு வீடுகளையும் பார்க்காமல் உங்கள் வீட்டுக்கு மட்டும் அடிப்பது அரைகுறை வேலை. செயின்ட் ஜேம்ஸ் டவுனின் உயர்ந்த கட்டடங்களில் முதல் வாழ்க்கையைத் தொடங்கிய நம் பெற்றோர் தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். "அன்ரி, எங்கட வீட்டில மூட்டை கண்டிருக்கு, உங்கட கட்டிலையும் ஒருக்காப் பாருங்கோ." சொல்ல இவ்வளவுதான். முதலில் அவருக்கு முகம் மாறும். பிறகு, தன் வீட்டில் இரண்டு மாதமாக இருக்கிறது என்று அவரே சொன்னாலும் சொல்வார்.

வீட்டுக்குள் உங்கள் வேலை

மருந்தடிப்பவர் வருவதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலைதான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. சூடுதான் நம்முடைய சிறந்த ஆயுதம். 50 பாகைக்கு மேல் வளர்ந்த பூச்சி நிமிடங்களில் சாகும், முட்டைக்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். துணி உலர்த்தும் ட்ரையரை உயர் சூட்டில் வைத்து, துணி நன்றாகச் சூடேறியபின் 30 நிமிடம் ஓடவிட்டால் பூச்சியும் முட்டையும் போய்விடும். துவைக்காமல் காய்ந்த துணியையே போடலாம், கொல்வது சோப் அல்ல. ட்ரையரை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். கட்டடத்தின் பொது லோண்டரிக்குப் போவதென்றால், துணியை அறையிலேயே பையில் போட்டு இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள். அந்தப் பையை அங்கேயே குப்பையில் போட்டு, உலர்ந்த துணியைப் புதிய பையில் கட்டி எடுத்து வாருங்கள். வேலை முடியும்வரை துணிகள் அந்தப் பைகளிலேயே இருக்கட்டும். எல்லாத் துணியையும் ஒரே நாளில் செய்ய முடியாது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, கட்டிலருகே கிடக்கும் உடுப்பு என்று தொடங்குங்கள்.

பட்டுச் சேலையை, அதுவும் கூறைச் சேலையை, ட்ரையரில் போடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அதற்கு டீப் ஃப்ரீசர். மீனும் ஆட்டிறைச்சியும் அடைத்த அந்தப் பெட்டி பல தமிழ் வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறது. சேலைகளைக் காற்றுப் புகாத பையில் இரட்டையாகக் கட்டி, –18 பாகை காட்டுகிறதா என்று வெப்பமானியால் பார்த்து, நான்கு நாட்கள் வையுங்கள். தடித்த கட்டாக இருந்தால் இன்னும் சில நாட்கள் கூட்டுங்கள். எடுத்தபின் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டால் ஈரம் படியாது. புத்தகம், தோல் செருப்பு, பொம்மை எல்லாவற்றுக்கும் இதே வழி.

மெத்தையின் தையல்களிலும் கட்டில் இடுக்குகளிலும் வாக்யூமின் ஒடுங்கிய மூக்கை வைத்து மெதுவாக இழுங்கள். முட்டை ஒட்டியிருக்கும் என்பதால் சுரண்டி இழுக்க வேண்டும். முடிந்ததும் உள்ளிருக்கும் பையைக் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே போடுங்கள். ஆவிக் கருவி இருந்தால் அடுத்து அதை மெதுவாக நகர்த்துங்கள், வேகமாக ஊதினால் பூச்சியை விசிறிவிடும். பிறகு மெத்தைக்கும் கீழ்ப் பெட்டிக்கும் ஜிப் வைத்த மூட்டைப்பூச்சி உறை போடுங்கள். இந்த உறையை ஒரு வருடம் கழற்றக்கூடாது. உள்ளே அகப்பட்ட பூச்சி பல மாதம் பட்டினி தாங்கும், உறை கிழிந்தால் எல்லாம் வீண்.

இப்போது கட்டில். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள், விரிப்பு தரையில் தொங்க வேண்டாம். நான்கு கால்களின் கீழும் இன்டர்செப்டர் என்ற இரட்டைச் சுவர்க் கிண்ணம் வையுங்கள். ஊரில் எறும்பு ஏறாமலிருக்க உணவு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தோமே, அதே தந்திரம். இங்கே தண்ணீர் தேவையில்லை, வழுக்கும் சுவரே போதும். இந்தக் கிண்ணம் பூச்சியைத் தடுப்பதோடு கணக்கும் சொல்லும். வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. மாணவர்களே, மலிவான ஓர் இரும்புக் கட்டில் வாங்குங்கள். இந்தச் செலவு வீணாகாது.

பொறிகளைப் பற்றி ஒரு கனேடியக் கதை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் கிரீஸும் ரெஜின் கிரீஸும் மூட்டைகளைப் பொறிக்குள் ஈர்க்கும் வேதிப்பொருட்களைக் கண்டுபிடித்து 2014 இல் அறிவித்தார்கள். ஆய்வுக்கு வளர்த்த மூட்டைகளுக்கு உணவு வேண்டுமே. ரெஜின் தன் கையையே கொடுத்தார். ஐந்து வருடத்தில் அவர் வாங்கியது 180,000 கடி என்று பல்கலைக்கழகமே சொன்னது. அவருக்குப் பெரிதாகத் தடிக்காது என்பதால் அந்த வேலை அவர் தலையில் விழுந்ததாம்.

இடுக்குகளில் தூவ டயட்டமேஷியஸ் எர்த் என்ற வெள்ளைத் தூள் கிடைக்கிறது. பூச்சியின் மேல்தோலைச் சிதைத்து உலர்த்திக் கொல்லும், ஆனால் நாளாகும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவ வேண்டும், குவித்தால் மூட்டை சுற்றிக்கொண்டு போகும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல், மெத்தைமேல் ஒருபோதும் போடாதீர்கள். பதிவெண் உள்ள சரக்கை மட்டும் வாங்குங்கள், நீச்சல் குளத்துக்கு விற்பது இதற்கானதல்ல.

பூச்சி ஒழிப்பாளர் ஒன்ராறியோ உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். மருந்து முட்டையைக் கொல்வது அரிது, முட்டை 6 முதல் 10 நாட்களில் பொரிக்கும், அதனால்தான் ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டு இரண்டாவது தடவை அடிக்கிறார்கள். சில வீடுகளுக்கு மூன்றாவதும் தேவைப்படும். வீட்டுக்காரர் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்து, காலை 8 முதல் இரவு 8 வரைக்குள் ஆட்களை அனுப்பலாம். அன்று கதவைத் திறக்காமலிருப்பது உங்கள் வழக்கையே பலவீனமாக்கும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், மீன் தொட்டி இருந்தால் முன்கூட்டியே சொல்லி, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மருந்தடித்த பின் தரையோரங்களைக் கழுவாதீர்கள். சுத்தம் விரும்பும் வீடுகளில் அன்றே தரை துடைத்து மருந்தை எடுத்துவிடுகிறார்கள்.

முழு வீட்டையும் 50 பாகைக்கு மேல் சூடாக்கும் முறையும் உண்டு. விலை கூட, ஆனால் முட்டையும் சேர்ந்து சாகும். தனி வீட்டுக்குப் பொருத்தம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் பூச்சி இருந்தால், சூடு ஆறியதும் அது திரும்பும். ஹீட்டர் வாங்கி நாமே செய்து பார்ப்போம் என்று எண்ண வேண்டாம், வீடு எரியும்.

தளபாடங்களை எல்லாம் வெளியே எறிவது பதற்றத்தில் செய்யும் செலவு. உறை போட்ட மெத்தை பழையதானாலும் பாதுகாப்பானது. எறியத்தான் வேண்டுமென்றால் அறைக்குள்ளேயே பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, துணியைக் கத்தியால் கிழித்து, மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் வந்திறங்கிய ஒருவர் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். பெரும்பாலான கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன: குப்பை நாளில் வீதியோரத்தில் கிடைத்த சோபா, யாரோ இணையத்தில் விற்ற மெத்தை. பஞ்சும் துணியும் உள்ள எதையும் வீதியிலிருந்து எடுக்காதீர்கள். மேசை, நாற்காலி என்றாலும் இடுக்குகளைப் பார்த்து எடுங்கள்.

பயணத்தில் விடுதிக் கட்டிலைப் பார்க்கும்வரை பெட்டியைக் குளியலறையில் வையுங்கள். திரும்பி வந்ததும் துணிகள் நேராக ட்ரையருக்கு. மூட்டை இருக்கும் காலத்தில் உறவினர் வீட்டில் இரவு தங்கப் போகாதீர்கள், யாரையும் தங்கவும் அழைக்காதீர்கள். பகலில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவதில் ஆபத்து மிகக் குறைவு.

இரண்டாவது மருந்துக்குப் பிறகும் சில நாட்கள் கடி வரலாம், அதற்காக மனம் தளர வேண்டாம். கடி இல்லை, புதிய கறுப்புப் புள்ளி இல்லை, கிண்ணங்களில் ஒன்றும் இல்லை என்ற நிலை எட்டு வாரம் நீடித்தால் வீடு சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பூச்சி அகப்பட்டாலும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், கணக்கை முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டை மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் பெட்டிகளோடு அதுவும் வரும். மாறத்தான் வேண்டுமென்றால், துணி முழுவதும் ட்ரையர் கண்ட பிறகு மாறுங்கள், லொறிக்காரருக்கும் உண்மையைச் சொல்லுங்கள்.